நடுவானில் தாக்கப்பட்ட ஹெலிகாப்டர்: கன்டெய்னருக்கு மாற்றாக மைக்ரோகர்னல் – ஒரு நிகழ்வு ஆய்வு

2017 பிப்ரவரியில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மேசா என்ற ஊரில் உள்ள போயிங் வளாகத்திலிருந்து ஒரு சின்ன ஹெலிகாப்டர் கிளம்பியது. அதன் பெயர் அன்மேன்டு லிட்டில் பேர்டு. பக்கத்துக் குன்றுகளைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. விமானப் போக்குவரத்து விதிக்காக உள்ளே ஒரு பைலட் உட்கார்ந்திருந்தார். ஆனால் எந்த விசையையும் தொடவில்லை. தானாகப் பறப்பது அந்த ஹெலிகாப்டருக்குப் புதிதல்ல. பறந்துகொண்டிருக்கும்போதே அதன் மிஷன் கம்ப்யூட்டரைத் தாக்கினார்கள் என்பதுதான் புதிது.

ஒரு தாக்குதல் கேமரா மென்பொருளுக்குள்ளிருந்தே வந்தது. இன்னொன்று, பராமரிப்பின்போது செருகப்பட்ட யூஎஸ்பி ஸ்டிக்கில் இருந்த வைரஸ். இரண்டும் உள்ளே நுழைந்தன, சில பகுதிகளைப் பிடித்தும் விட்டன. ஆனால் பறப்பதைத் தொட முடியவில்லை.

ஒரு புரோகிராமை அதற்கு வேண்டியவற்றோடு பொட்டலம் கட்டி, மற்றவற்றிலிருந்து பிரித்து ஓட்டும் ஏற்பாடுதான் கன்டெய்னர். அதைப் பற்றித் தமிழில் நிறையப் படிக்கக் கிடைக்கிறது. கன்டெய்னர் எதைப் பாதுகாக்காது, அந்த இடத்தில் வேறு எதை வைக்கலாம் என்று பேசுவது குறைவு. அதைப் பேச இந்த ஹெலிகாப்டரைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. எதிரி உள்ளே வந்துவிட்டான் என்பதை ஒப்புக்கொண்டு தொடங்கிய சோதனை இது. வாசலில் தடுத்தோமா என்பதை யாரும் கேட்கவில்லை. ஓர் அறைக்குள் வந்தவன் அடுத்த அறைக்குப் போக முடிந்ததா என்பதுதான் கேள்வி.

பின்னணி

அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டார்ப்பா 2012-இல் ஹேக்கம்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதை முதலில் நடத்தியவர் கேத்லீன் ஃபிஷர். ஓடும் வாகனங்களின் மென்பொருளைக் கணித நிரூபணத்தின் துணையோடு கட்ட முடியுமா என்று பார்ப்பது நோக்கம். ராக்வெல் காலின்ஸ், கலோயிஸ், போயிங், மினசோட்டா பல்கலைக்கழகம், ஆஸ்திரேலியாவின் நிக்டா ஆகியவை சேர்ந்து வேலை செய்தன. முதலில் ஒரு சின்னக் குவாட்காப்டர் (நான்கு விசிறி ட்ரோன்), அப்புறம் இந்த ஹெலிகாப்டர். இரண்டையும் உடைத்துப் பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு ரெட் டீம், அதாவது எதிரி போல நடந்து தாக்கிப் பார்க்கும் குழு, இருந்தது.

ஹெலிகாப்டரில் கவனிக்க வேண்டிய கணினிகள் இரண்டு. ஃப்ளைட் கம்ப்யூட்டர் சென்சார்களைப் படித்து ஹெலிகாப்டரை ஓட்டும். மிஷன் கம்ப்யூட்டர் தரைநிலையத்தோடு பேசும், கேமராவைக் கவனிக்கும், ஃப்ளைட் கம்ப்யூட்டருக்கு உத்தரவு அனுப்பும். வெளியுலகத்தைத் தொடுவது இரண்டாவதுதான். அதில் ஓடியது லினக்ஸ். நம்மில் பலர் நிரல் எழுதும் எந்த எட்ஜ் சாதனத்தையும் (டேட்டா சென்டருக்கு வெளியே, களத்திலேயே ஓடும் கணினி) எடுத்துக்கொள்ளுங்கள், உருவம் இதுவேதான்: ஒரு லினக்ஸ், அதன்மேல் பத்துப் பதினைந்து புரோகிராம்கள், அவற்றில் ஒன்று மட்டும் உயிர்நாடி, மற்றவை வசதிக்கு. திட்டத்தின் தொடக்கத்தில் இந்த அமைப்பை ரெட் டீம் எளிதாகக் கைப்பற்றியது.

கன்டெய்னர் போட்டிருந்தால்?

இந்த இடத்தில் இன்றைய பழக்கம் ஒன்று உண்டு. கேமரா மென்பொருளை ஒரு கன்டெய்னரில் போடு, தரைநிலையத் தொடர்பை இன்னொன்றில் போடு, முடிந்தது. அது ஏன் போதாது என்று பார்க்க, கன்டெய்னர் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும்.

கர்னல் என்பது இயங்குதளத்தின் மையம்; ஹார்டுவேரையும் எல்லாப் புரோகிராம்களையும் ஆள்வது அதுதான். லினக்ஸ் கர்னலுக்குள் கன்டெய்னர் என்று ஒரு பொருளே கிடையாது. இருப்பவை நேம்ஸ்பேஸ், சிகுரூப், செக்காம்ப் போன்ற தனித்தனிக் கருவிகள். ஒரு புரோகிராம் எதைப் பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸ் மறைக்கும். எவ்வளவு நினைவகமும் சிபியூ நேரமும் எடுக்கலாம் என்பதற்கு சிகுரூப் அளவு வைக்கும். கூகுளில் தொடங்கிய அந்த வேலை 2008 ஜனவரியில் 2.6.24 பதிப்பில் கர்னலுக்குள் வந்தது. எந்தெந்த சிஸ்டம் காலை (கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) கூப்பிடக்கூடாது என்று செக்காம்ப் தடுக்கும். இவற்றைச் சேர்த்துக் கட்டி, எல்லாரும் எளிதாகப் பயன்படுத்தும்படி 2013-இல் கொடுத்ததுதான் டாக்கர்.

மூன்றுமே கழித்தல் வேலை என்பதைக் கவனியுங்கள். ஒரு புரோசஸுக்கு முந்நூறுக்கு மேற்பட்ட சிஸ்டம் கால்கள் திறந்தே கிடக்கின்றன. டாக்கரின் இயல்பு அமைப்பு அவற்றில் சுமார் 44-ஐ மூடுகிறது. ஃபைல் சிஸ்டம் முழுக்க இருக்கிறது, கொஞ்சத்தை மறைக்கிறோம். கூட்டுக் குடும்ப வீட்டில் தட்டி வைத்து மறைத்த மாதிரிதான். கண்ணுக்கு நாலு வீடு தெரியும். கூரையும் கிணறும் அஸ்திவாரமும் ஒன்றே. அந்த அஸ்திவாரம் கோடிக்கணக்கான வரிகள் கொண்ட லினக்ஸ் கர்னல். அதில் எங்கோ ஒரு வரி பிசகினால் எல்லாத் தட்டிகளும் ஒன்றாகச் சாயும்.

இதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். 2016 அக்டோபரில் டர்ட்டி கவ் என்ற ஓட்டை வெளியே வந்தது. எழுதும்போது மட்டும் நகலெடுப்பது என்ற நினைவக ஏற்பாட்டில் இரண்டு வேலைகள் முந்திக்கொள்ளும் பிழை. 2007-இல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்தே அது கர்னலில் இருந்திருக்கிறது. அப்படியென்றால் டாக்கர் பிறந்த நாளிலிருந்து மூன்றரை ஆண்டுகள், அதன்மேல் ஓடிய கன்டெய்னர்கள் எல்லாம் இந்தப் பிழைக்கு மேல்தான் உட்கார்ந்திருந்தன. கன்டெய்னரை விட்டு வெளியேற அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? நேரம் கேட்பது போன்ற சின்ன வேலைகளை வேகமாக முடிக்க, லினக்ஸ் எல்லாப் புரோசஸுக்குள்ளும் ஒரே நினைவகப் பக்கத்தைக் காட்டுகிறது. படிக்க மட்டும் உரிமை உள்ள பக்கம் அது. டர்ட்டி கவ் மூலம் கன்டெய்னருக்குள்ளிருந்தே அதில் எழுத முடிந்தது. வெளியே ரூட் உரிமையோடு, அதாவது எதையும் செய்யக்கூடிய முழு உரிமையோடு, ஓடும் ஏதோ ஒரு புரோகிராம் அடுத்த தடவை நேரம் கேட்கும்போது, தாக்குபவன் எழுதி வைத்ததை ஓட்டும். நேம்ஸ்பேஸில் எந்தத் தவறும் இல்லை. பக்கம் பொது, அவ்வளவுதான்.

இரண்டாவது நிகழ்வு 2019 பிப்ரவரி. இந்தத் தடவை கர்னலில் பிழை இல்லை. கன்டெய்னரைத் தொடங்கி வைக்கும் ரன்சி என்ற கருவியில். கன்டெய்னருக்குள் ஒரு புதிய கட்டளையை ஓட்ட வேண்டுமென்றால், ஹோஸ்டில் (கன்டெய்னர்களைச் சுமக்கும் கணினி) இருக்கும் ரன்சி ஒரு கணம் கன்டெய்னரின் உலகத்துக்குள் கால் வைக்க வேண்டும். லினக்ஸில் ஒவ்வொரு புரோசஸும் தான் எந்த ஃபைலிலிருந்து ஓடுகிறதோ அந்த ஃபைலை ப்ராக் என்ற அடைவின் வழியாகக் காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே காத்திருந்த எதிரி, ரன்சி கால் வைத்த அந்தக் கணத்தில் அதன் ஃபைலைப் பிடித்துக்கொள்வான். ரன்சி ஓடி முடித்ததும் அந்த ஃபைலின் மேலேயே எழுதுவான். ஹோஸ்டின் ரன்சியே அவனுடையதாகிவிடும். அடுத்து யாராவது கன்டெய்னர் தொடங்கினால் ஹோஸ்டில் ரூட் உரிமை அவன் கையில். ரன்சி தன்னையே நினைவகத்தில் நகலெடுத்து, பூட்டி, அந்த நகலிலிருந்து ஓடும்படி மாற்றித்தான் சரிசெய்தார்கள். 2024 ஜனவரியில் அதே ரன்சியில் வேறொரு ஓட்டை. திறந்து மூடாமல் விட்ட ஒரு ஃபைல் கைப்பிடி வழியாக ஹோஸ்டின் அடைவுக்குள் போக முடிந்தது.

சரி, ஹெலிகாப்டருக்குத் திரும்புவோம். யூஎஸ்பி ஸ்டிக் உள்ளே செருகப்படுகிறது. லினக்ஸில் யூஎஸ்பியைக் கவனிக்கும் டிரைவர், ஸ்டிக்கில் உள்ள ஃபைல் சிஸ்டத்தைப் படிக்கும் நிரல், இரண்டும் பொதுவாகக் கர்னலுக்குள்தான் ஓடுகின்றன. கன்டெய்னர் சுவர்கள் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இல்லை. ஸ்டிக் அந்த டிரைவரை ஏமாற்றிவிட்டால், எத்தனை கன்டெய்னர் கட்டி வைத்திருந்தாலும் பயனில்லை. கேமராவுக்கும் இதே கதைதான். என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு காரணமே போதும். உயிர் சம்பந்தப்பட்ட சாதனத்தில் கன்டெய்னரைப் பாதுகாப்புச் சுவராக எண்ணக்கூடாது. மென்பொருளைப் பொட்டலம் கட்டி அனுப்ப அதைப்போல வசதி வேறில்லை, அதற்காகவே பயன்படுத்துவோம்.

கூட்டலில் தொடங்கும் கர்னல்

நிக்டா கொண்டுவந்தது ஒரு மைக்ரோகர்னல், அதாவது மிகக் குறைந்த வேலைகளை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளும் சின்னக் கர்னல். அதன் பெயர் எஸ்இஎல்4. சிட்னியில் கெர்னாட் ஹைசர், கெர்வின் க்ளைன், கெவின் எல்ஃபின்ஸ்டோன், ஜூன் ஆண்ட்ரோனிக் முதலியோர் அடங்கிய குழு உருவாக்கியது. 2009-இல் அதன் நிரூபணத்தை வெளியிட்டார்கள். அப்போது அதன் அளவு சுமார் 8,700 வரி சி, 600 வரி அசெம்ப்ளர். ஃபைல் சிஸ்டம் இல்லை, நெட்வொர்க் இல்லை, யூஎஸ்பி டிரைவர் இல்லை. திரெட், முகவரி வெளி, செய்திப் பரிமாற்றம், இன்டரப்ட்டை உரியவருக்குத் தள்ளிவிடுவது, இவ்வளவுதான் உள்ளே. மற்றவை எல்லாம் சாதாரணப் புரோகிராம்களாக வெளியே ஓட வேண்டும். டிரைவர் பிழைத்தால் அந்த டிரைவர் மட்டும் சாகும்.

சின்னதாக இருப்பது பாதி விஷயம்தான். இதில் கேப்பபிலிட்டி என்ற ஏற்பாடு இருக்கிறது. (லினக்ஸில் அதே பெயரில் இருப்பது வேறு, அது ரூட் உரிமையைத் துண்டு போட்டது.) எஸ்இஎல்4-இல் ஒவ்வொரு புரோகிராமிடமும் ஓர் அட்டவணை இருக்கும். அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பொருளுக்கான உரிமைச் சீட்டு: இந்த நினைவகப் பக்கத்தைப் படிக்கலாம், இந்த வாசலில் செய்தி போடலாம், இப்படி. புரோகிராம் ஒரு வேலை கேட்கும்போது பெயரைச் சொல்வதில்லை, தன் அட்டவணையில் எத்தனையாவது கட்டம் என்று எண்ணைச் சொல்கிறது. கர்னல் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்கும். சீட்டு இருந்தால் வேலை நடக்கும். கட்டம் காலி என்றால் பிழை திரும்பும். அட்டவணையைப் புரோகிராம் நேரடியாகத் தொட முடியாது. சீட்டை இட்டுக்கட்டவும் முடியாது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். கன்டெய்னருக்குள் இருப்பவனால் ஹோஸ்டின் ஃபைலுக்குப் பெயர் சொல்ல முடிகிறது; கர்னல் குறுக்கே வந்து கூடாது என்கிறது. அந்தக் குறுக்கீட்டில் ஏதாவது ஓர் இடம் விட்டுப்போனால் கதை முடிந்தது. எஸ்இஎல்4-இல் கொடுக்கப்படாத பொருளுக்குப் பெயரே இல்லை. எதுவுமில்லாமல் தொடங்கி, தேவையானதை ஒவ்வொன்றாகக் கொடுக்கிறோம். கொடுக்க மறந்தால் புரோகிராம் ஓடாது. அது உடனே தெரிந்துவிடும். கழிக்க மறந்தால் எதுவும் தெரியாது, யாரோ ஒருவன் கண்டுபிடிக்கும்வரை. இந்த இரண்டு மறதிக்கும் உள்ள வித்தியாசம்தான் கன்டெய்னருக்கும் மைக்ரோகர்னலுக்கும் உள்ள வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

நினைவகத்திலும் இதே ஒழுக்கம். லினக்ஸில் ஒரு புரோகிராம் புது சாக்கெட் திறந்தால், கர்னல் தன் பொதுக் கிடங்கிலிருந்து நினைவகம் எடுத்துக் கொடுக்கும். அந்தக் கிடங்கை ஒரு கன்டெய்னர் காலி செய்யாமல் பார்த்துக்கொள்வது பல ஆண்டுகளாக நடக்கும் போராட்டம். எஸ்இஎல்4-க்குக் கிடங்கே இல்லை. பூட் ஆனதும் தனக்குப் போக மிச்சமுள்ள நினைவகம் முழுவதையும், வகை குறிக்கப்படாத துண்டுகளாக, முதல் புரோகிராமிடம் ஒப்படைத்துவிடுகிறது. அப்புறம் ஒரு திரெட் வேண்டுமென்றாலும், பக்க அட்டவணை வேண்டுமென்றாலும், கேட்பவர் தன் துண்டிலிருந்து வெட்டித்தர வேண்டும். அடுத்தவர் பங்கைத் தின்ன வழியில்லை.

நிரூபணம் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இசபெல் என்ற நிரூபணக் கருவியில், சுமார் இரண்டு லட்சம் வரிகளில், இந்தக் கர்னலின் சி நிரல் அதன் விவரக்குறிப்பை விட்டு விலகாது என்று காட்டினார்கள். நிரூபண வேலைக்கு மட்டும் கிட்டத்தட்ட 20 ஆள்-ஆண்டு உழைப்பு. அதில் கணிசமான பங்கு மறுபடியும் பயன்படும் கருவிகளைச் செய்யப் போனது. சோதித்தும் பயன்படுத்தியும் பார்த்தபோது கிடைத்த பிழைகள் 16. சி நிரலை நிரூபிக்க உட்கார்ந்தபோது மேலும் 144 கிடைத்தன. நல்ல கைகள் எழுதிய, ஏற்கனவே சோதிக்கப்பட்ட, பத்தாயிரம் வரிகூட இல்லாத நிரலில்! கோடிக்கணக்கான வரிகளில் எத்தனை தூங்குகின்றன என்று நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. பிறகு, ஒருவர் பொருளை இன்னொருவர் சீட்டில்லாமல் மாற்ற முடியாது என்ற நிரூபணமும், படிக்க முடியாது என்ற நிரூபணமும், கம்பைலர் வெளியிட்ட பைனரியே சி நிரலோடு பொருந்துகிறது என்ற சரிபார்ப்பும் சேர்ந்தன.

வெட்டிய விதம்

இந்த நிகழ்வில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். ஹெலிகாப்டரின் மென்பொருளை அவர்கள் தூக்கியெறிந்துவிட்டு முதலிலிருந்து எழுதவில்லை. அப்படி எழுதச் சொன்னால் எந்த நிறுவனமும் ஒத்துக்கொள்ளாது. ஓடிக்கொண்டிருந்த லினக்ஸையே கையில் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார்கள்.

முதல் படியில், மிஷன் கம்ப்யூட்டரில் ஓடிய லினக்ஸை அப்படியே, அதன் புரோகிராம்கள் எல்லாவற்றோடும், எஸ்இஎல்4-க்கு மேல் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் (மென்பொருளால் ஆன போலிக் கணினி) வைத்தார்கள். பாதுகாப்பில் இதனால் ஒரு துளி லாபமும் இல்லை. எல்லாம் ஒரே பெட்டிக்குள்தான் கிடக்கிறது. ஆனால் பெட்டிக்குக் கீழே ஒரு தரை வந்துவிட்டது. ஹெலிகாப்டர் முன்போலவே பறக்கிறதா என்று சோதிக்கவும் முடிந்தது. பொறுமை இல்லாத மேலாளர் யாராவது இருந்தால் இந்தக் கட்டத்திலேயே திட்டத்தை நிறுத்தியிருப்பார், காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்பதால்.

இரண்டாவதாக, அந்த ஒற்றைப் பெட்டியைப் பிளந்தார்கள். நம்பகமில்லாத கேமரா மென்பொருள் தனி விர்ச்சுவல் மெஷினுக்குப் போனது. இரண்டுக்கும் நடுவே எந்த வழியில் எந்தச் செய்தி போகலாம் என்பது கட்டமைப்பு விவரத்தில் எழுதப்பட்டது. கேம்கேஸ் என்ற கருவி அந்த விவரத்தைப் படித்து, யாருக்கு எந்தச் சீட்டு என்ற பட்டியலை உருவாக்கித் தரும். பூட் ஆகும்போது பட்டியலில் உள்ளபடியே சீட்டுகள் பங்கிடப்படும். எழுதப்படாத வழி இயந்திரத்திலும் இருக்காது. சாதாரணமாக நாம் வெள்ளைப் பலகையில் பெட்டியும் அம்புக்குறியும் வரைவோம்; நிரல் அதை மதிக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. இங்கே வரைபடம்தான் சட்டம்.

மூன்றாவது படி இன்னும் ஆழமானது. விர்ச்சுவல் மெஷினே தேவையில்லாத சின்னச் சின்ன முக்கிய வேலைகளை லினக்ஸிலிருந்து பிய்த்து, எஸ்இஎல்4 மேல் நேரடியாக ஓடும் தனிப் புரோகிராம்களாக ஆக்கினார்கள். குவாட்காப்டரில் இது தெளிவாகத் தெரியும். தரைநிலையத்திலிருந்து ரேடியோவில் வரும் உத்தரவு மறையாக்கப்பட்டிருக்கும். அதை அவிழ்க்கும் சாவி ஒரு சின்னத் தனிப் புரோகிராமிடம் மட்டும். அந்த நினைவகத்துக்கான சீட்டு, கேமராவையும் வைஃபையையும் கவனிக்கும் லினக்ஸிடம் கிடையாது. லினக்ஸை முழுதாகப் பிடித்து, அதில் ரூட் ஆகி, அதன் கர்னலையே மாற்றி எழுதினாலும் சாவியைப் பார்க்க முடியாது, ஃப்ளைட் கம்ப்யூட்டருக்குப் போகும் தகவல் தடத்தில் ஒரு செய்திகூடப் போட முடியாது.

கடைசியாக, முழு அமைப்பையும் மாதிரி வரைந்து அலசி, இந்தக் கட்டமைப்பில் இன்ன பண்புகள் நிற்கும் என்று காட்டும் வேலை.

2015 கோடையில் ரெட் டீமை மறுபடியும் உட்கார வைத்தார்கள். இந்தத் தடவை ஹெலிகாப்டர் கணினியின் ஒரு பகுதிக்குள் நுழைவதற்கான அனுமதியைக் கையில் கொடுத்தே விட்டார்கள். ஆறு வாரம். நிஜ எதிரிக்கு ஒருபோதும் கிடைக்காத வசதி. இருந்த பகுதியை விட்டு அவர்களால் வெளியேற முடியவில்லை. 2017 பிப்ரவரியில் அதே கேள்வியை ஓடுதளத்துக்கு மேலே, ஆள் உட்கார்ந்திருக்கும் ஹெலிகாப்டரில் கேட்டார்கள்.

வேகம்

மைக்ரோகர்னல் என்றதும் மெதுவாக இருக்குமே என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கெட்ட பெயர் 1980-களில் கார்னகி மெலனில் பிறந்த மேக் கர்னல் வாங்கிக் கொடுத்தது. 1993-இல் ஜெர்மானியர் யோஹன் லீட்கே, செய்திப் பரிமாற்றத்தை மேக்கைவிட சுமார் 20 மடங்கு வேகமாகச் செய்து காட்டினார். எல்4 குடும்பம் அங்கேதான் தொடங்குகிறது. எஸ்இஎல்4 அதன் வாரிசு. ஒரு செய்தியை ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுக்க இப்போது சில நூறு சைக்கிள்கள் போதும். ஆப்பிள் சாதனங்களில் சாவிகளைக் காக்கும் தனிச் செயலியில் ஓடுவதும் எல்4 வழி வந்த கர்னல்தான்.

நிரூபணம் எதைச் சொல்லாது

ஆர்வத்தில் இதை மிகைப்படுத்தக்கூடாது. ஹார்டுவேர் தன் கையேட்டில் உள்ளபடி நடக்கிறது என்பது நிரூபணத்தின் அடிப்படை. பூட் நிரலையும் அசெம்ப்ளர் பகுதிகளையும் அது நம்பிக்கையில் எடுத்துக்கொள்கிறது. ஒரு சாதனம் சிபியூவைக் கேட்காமலே நினைவகத்தில் எழுதக்கூடியது என்றால், அதைக் கட்டிப்போடும் ஐஓஎம்எம்யூ இல்லாமல் எந்தச் சீட்டும் உதவாது. டிரைவரைத் தனியாக வைத்தும் பலனில்லாமல் போகும். இரண்டு பகுதிகள் ஒரே கேஷை (செயலியின் வேக நினைவகம்) பகிரும்போது நேர வித்தியாசத்தை வைத்து ரகசியம் கசிவதை இந்த நிரூபணங்கள் தொடுவதில்லை. 2018-இல் வெளிவந்த ஸ்பெக்டர் என்ற செயலி ஓட்டை அந்த இடைவெளியின் ஆழத்தை எல்லாருக்கும் காட்டியது. நிரூபணம் முதலில் 32 பிட் ஆர்ம் செயலிக்குத்தான் வந்தது. ரிஸ்க்-ஃபைவ் 2020-இல் சேர்ந்தது. ஆகவே 'எஸ்இஎல்4 போட்டிருக்கிறோம்' என்று யாராவது சொன்னால், எந்தச் செயலி, எந்த அமைப்பு, செயலியில் ஓடுவது ஒரே கோரிலா, பல கோர்களிலா என்று கேளுங்கள். நிரூபிக்கப்பட்ட அமைப்பும் ஓடும் அமைப்பும் வேறு வேறாக இருக்கலாம்.

இன்னொன்று. கட்டமைப்பு விவரத்திலேயே கேமராவுக்குச் சாவியின் சீட்டைக் கொடுத்து வைத்தால், கர்னல் அதைப் பிசகில்லாமல் நிறைவேற்றும்.

லினக்ஸ் ஓட்டைகளில் எத்தனை மைக்ரோகர்னலில் அடங்கியிருக்கும் என்று ஹைசரும் இரண்டு சகாக்களும் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கடுமையானவை என்று பதிவான 115 ஓட்டைகளை எடுத்துக்கொண்டதில், 96 சதவீதம் மைக்ரோகர்னல் அமைப்பில் அந்தக் கடுமையை எட்டியிருக்காது; 29 சதவீதம் நிரூபணம் இல்லாமலே அறவே இல்லாமல் போயிருக்கும். எழுதியவர்களில் ஒருவர் அந்தக் கர்னலைக் கட்டியவர் என்பதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும். ஆனாலும் டிரைவர், ஃபைல் சிஸ்டம், நெட்வொர்க் என்று ஓட்டைகள் குவிந்து கிடக்கும் இடங்களைப் பார்த்தால் திசை சரிதான்.

எங்கே வைக்கலாம், எங்கே கூடாது

டேட்டா சென்டரில் டாக்கரைக் கழற்றிவிட்டு எஸ்இஎல்4 போடலாமா? கூடாது, இன்றைக்கு. அங்கே புரோகிராம்கள் நிமிடத்துக்கு நிமிடம் பிறந்து சாகின்றன, யார் என்ன ஓட்டுவார் என்று முன்கூட்டித் தெரியாது, போசிக்ஸும் (யூனிக்ஸ் வகைப் புரோகிராம்கள் எதிர்பார்க்கும் பொது இடைமுகம்), இமேஜ்களும் (தயாராகக் கட்டி வைத்த கன்டெய்னர் பொட்டலங்கள்), அதைச் சுற்றியுள்ள பெரிய உலகமும் வேண்டும். எஸ்இஎல்4-இல் அவை பெட்டியைத் திறந்ததும் கிடைப்பவை அல்ல. மேகக்கணி நிறுவனங்கள் இதே பிரச்சினைக்கு வேறு வழியில் விடை தேடின. கூகுளின் ஜிவைசர் 2018 மே மாதம் வந்தது. கன்டெய்னரின் சிஸ்டம் கால்களை, கோ மொழியில் எழுதிய இடைப்பட்ட ஒரு கர்னல் வாங்கிக்கொள்கிறது. அமேசானின் ஃபயர்கிராக்கர் அதே ஆண்டு நவம்பரில் வந்தது. ரஸ்ட்டில் எழுதியது, 125 மில்லி செகண்டில் ஒரு குட்டி விர்ச்சுவல் மெஷினை எழுப்பும். காட்டா கன்டெய்னர்ஸும் இதே பாதைதான். பொதுக் கர்னலை நம்பி அந்நியர்களின் நிரலை அக்கம்பக்கத்தில் ஓட்ட முடியாது என்று இவை எல்லாமே ஒப்புக்கொள்கின்றன.

மாறாக, வாகனம், மருந்து செலுத்தும் பம்ப், துணைமின்நிலையக் கட்டுப்பாட்டுப் பெட்டி, தொழிற்சாலை கேட்வே, இவற்றில் என்னென்ன ஓடும் என்பது தயாரிக்கும்போதே தெரியும். யார் யாரோடு பேச வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதிவிடலாம். மைக்ரோகர்னலின் இடம் அது. ஆனால் நடப்பில் இந்தச் சாதனங்களுக்குள்தான் இப்போது கன்டெய்னர் வேகமாக நுழைகிறது, அப்டேட் அனுப்பச் சுலபம் என்பதற்காக. சுலபம் என்பது உண்மை. கட்டுப்பாட்டு நிரலையும் வலைப் பக்கத்தையும் ஒரே லினக்ஸில் இரண்டு கன்டெய்னராக வைத்துவிட்டு, பிரித்துவிட்டோம் என்று ஆவணத்தில் எழுதும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எஸ்இஎல்4-இன் நிரல் 2014 ஜூலையில் திறந்த மூலமாக்கப்பட்டது. 2020-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் அதற்கென்று ஓர் அறக்கட்டளை அமைந்தது. அடுத்த ஆண்டே, நிக்டாவை முன்பு உள்வாங்கியிருந்த ஆஸ்திரேலிய அரசு ஆராய்ச்சி அமைப்பான சிசைரோ அந்தக் குழுவுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. வேலை நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலும் வெளி நிறுவனங்களிலும் தொடர்ந்தது. 2022 மென்பொருள் அமைப்பு விருதை, கணினி அறிஞர்களின் சங்கமான ஏசிஎம், எஸ்இஎல்4 குழுவுக்குக் கொடுத்தது. சீன மின்கார் நிறுவனம் நியோ தன் வாகன இயங்குதளத்தில் எஸ்இஎல்4-ஐப் பயன்படுத்துகிறது. நிலையான கட்டமைப்புள்ள சாதனங்களுக்கென்றே மைக்ரோகிட் என்ற எளிய கருவித்தொகுப்பும் இப்போது இருக்கிறது. என்னென்ன பகுதிகள், அவற்றுக்கு நடுவே என்னென்ன வழிகள் என்பதை ஒரு விவர ஃபைலில் எழுதினால், பூட் செய்யக்கூடிய இமேஜ் கையில் வரும்.

இப்படி ஒரு சாதனம் உங்கள் கையில் இருந்தால், ஹெலிகாப்டரில் செய்த வரிசையையே எடுத்துக்கொள்ளலாம். இப்போதுள்ள லினக்ஸைத் தொடாமல் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் வையுங்கள். முன்போல ஓடுகிறதா பாருங்கள். அப்புறம், வெளியிலிருந்து வரும் எதையும் படிக்காத, ஆனால் மோட்டாரையோ வால்வையோ திருப்புகிற அந்தச் சின்ன நிரலை முதலில் வெளியே எடுங்கள். பெரும்பாலும் அது சில ஆயிரம் வரிகளுக்கு மேல் இருக்காது. மிச்சமுள்ள லினக்ஸை ஒரேயடியாக வெட்ட வேண்டியதில்லை. அடுத்த வெளியீட்டில் சாவியை வெளியே எடுக்கலாம், அதற்கடுத்ததில் நெட்வொர்க்கை.